ஐந்தாவது கடற்கரைக்குப் போகும் வழியில்

சர்வேயருக்கு விடுமுறை என்றாலும் கையில் ஒரு பட்டியல் வேண்டும். மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு ஆறு கடற்கரைகளைத் தேர்ந்தெடுத்து, எதற்கு எத்தனை மணிக்குப் போவது, எத்தனை நிமிடம் அலையைப் பார்ப்பது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். நனையாமலிருக்க அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார்.

காரை ஓட்டியது அவர் மனைவி. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வைத்த ‘வேன் அக்கா’ என்ற பெயரே தெருவிலும் நிலைத்துவிட்டது.

முதல் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். உட்கார முடியாததால் பட்டியலில் கண்ட நாற்பது நிமிடமும் நின்றார்கள். இரண்டாவதில் நல்ல காற்று. ரொட்டியில் பாதி மணல். மூன்றாவதில் கரையெல்லாம் கடற்பாசி ஒதுங்கி நாறிக்கொண்டிருந்தது. சர்வேயர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தை முழுசாக முடித்தார்.

நான்காவது நன்றாக இருந்தது. வேன் அக்கா மரநிழலில் பாயை விரித்துப் படுத்தார்.

“நான் இங்கயே இருக்கேன்.”

“அஞ்சாவது இதைவிட நல்லாயிருக்குமாம்.”

“இருக்கட்டும். அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும்.”

சர்வேயர் தனியாகக் கிளம்பினார். கரையோரமாகவே பாறை முனையைச் சுற்றிப்போனால் இருபது நிமிட நடை. வழியில் ஒரு பலகையில், கடல் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்று போட்டிருந்தது. அது குளிக்கிறவர்களுக்கானது என்று முடிவு செய்து மேலே நடந்தார். முனைக்குச் சற்று முன்னால் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் ஏறி நின்று, எதிரே இருந்த செங்குத்துச் சரிவின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார். மூன்று விதமாக அளந்து சராசரி எடுத்துத் திரும்பியபோது, வந்த வழியில் கடல் இருந்தது. போகவேண்டிய வழியிலும் அதுவே இருந்தது.

கடலில் குளிக்கிறவர்களைக் கண்காணிக்கும் நீர்காப்பாளர் வந்து சொல்லித்தான் வேன் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. மஞ்சள் சட்டை போட்ட இளைஞர். கையில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். இருவரும் பாறைக்கு நேரே போய் நின்றார்கள். நடுவில் அறுபது எழுபது அடிக்குத் தண்ணீர்.

“ஆபத்தில்லம்மா. பாறைக்கு மேல முழங்கால் அளவுக்குக்கூட ஏறாது. ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிரும். நடுவுல இழுப்பு இருக்கு, நீந்தி வர மட்டும் கூடாது.”

“அதுவரைக்கும் எங்கயும் போக முடியாதா?”

“முடியாது.”

வேன் அக்கா மணலில் உட்கார்ந்து இதைக் கொஞ்சநேரம் யோசித்தார். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் சர்வேயர் சண்டை போட்டதே இல்லை. கனமான பேச்சு ஏதாவது தொடங்கினால் எழுந்து போய்விடுவார். மோட்டாரை நிறுத்தியாயிற்றா, கேட்டைப் பூட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுப் பேச்சு ஆறினபிறகு வருவார். எத்தனையோ விஷயத்தை வேன் அக்கா காலி நாற்காலியிடம் சொல்லி முடித்திருக்கிறார்.

“தம்பி, அந்தக் குழாயைக் கொஞ்சம் குடுங்க.”

“வெளியாள் கையில குடுக்கக் கூடாதும்மா. என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நானே சொல்றேன்.”

“பொண்ணு காலேஜை விட்டுட்டான்னு சொல்லுங்க.”

நீர்காப்பாளர் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைத் தூக்கினார். “சார், உங்க பொண்ணு காலேஜை விட்டுட்டாங்களாம்.”

குளித்துக்கொண்டிருந்த முப்பது பேரும் பாறைப் பக்கம் திரும்பினார்கள். பாறைமேல் உட்கார்ந்திருந்த சர்வேயர் எழுந்தார். நாலு எட்டு வைத்தார். பாறை முடிந்துவிட்டது. திரும்பி நாலு எட்டு வைத்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

காற்று கடலிலிருந்து வீசியதால் அவர் கத்தியது கரைக்குத் தெளிவாகவே கேட்டது.

“எப்போ?”

“மூணு மாசமாச்சாம்.”

“இப்போ என்ன பண்றா?”

வேன் அக்கா சொன்ன பதிலை நீர்காப்பாளர் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். “நாய்ங்களுக்கு முடி வெட்டுற கடையில வேலை பாக்குறாங்களாம்.”

ஐந்தாறு அலை வந்து போயிற்று.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தப்பல்லாம் எழுந்து போயிட்டீங்களாம் சார். நாலு தடவையாம். கடைசித் தடவை தண்ணித் தொட்டி ரொம்பிடுச்சான்னு பாக்க மாடிக்குப் போனீங்களாம்.”

சர்வேயருக்கு அந்த நாள் நினைவிருந்தது. மகள் ஈரத்தலையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்ததால்தான் மாடிக்குப் போனார். தொட்டியில் பாதிதான் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வந்தபோது அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்தார். இப்போது பாறைமேல் தண்ணீர் ஏறி இரண்டு ஷூவும் நனைந்தன. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“அன்னிக்கு அழுதாளா?”

இதற்கு மட்டும் வேன் அக்கா பாறையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “அன்னிக்கு அழுதா. இப்போ நல்லாத்தான் இருக்கா. காலையில சிரிச்சிக்கிட்டே கிளம்புறா.” நீர்காப்பாளர் குழாயில் சத்தத்தைக் குறைத்துவைத்து அதை அப்படியே சொன்னார்.

பாறைமேல் சர்வேயர் நனைந்த ஷூவைக் கழற்றினார். பிறகு, “நல்லா வெட்டுறாளா?”

“முதல்ல ஒரு நாயைக் கெடுத்துட்டாங்களாம் சார். இப்போ தேவலையாம்.”

சடைநாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற ஒருவர் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். வேன் அக்கா வழி சொன்னார்.

தண்ணீர் வடிய இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. சர்வேயர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறி, நீர்காப்பாளருக்கு நன்றி சொன்னார். காரில் ஏறியதும் மகளை அழைத்தார்.

“நாளைக்கு லீவு கிடைக்குமா?”

“எந்த லீவுப்பா?”

“கடையில.”

வேன் அக்கா சாவியைத் திருகாமல் காத்திருந்தார்.

“கேட்டுப் பாக்குறேன்.”

“இங்க கூடாரத்துல மூணு பேருக்கு இடமிருக்கு. அதான்.”

மறுநாள் மதியப் பேருந்தில் மகள் வந்து இறங்கினாள். சர்வேயர் நிறுத்தத்தில் ஒருமணி நேரம் முன்னதாகவே நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டார். கூடாரம் வரைக்கும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: “கேக்குறதைக் கேட்டுருங்கப்பா.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கடிக்குமா?”

மகள் வலது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளித் தழும்புகள். ஆறிப்போய் ஒருமாதம் இருக்கும். சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு காரிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து, பஞ்சால் சுத்தம் செய்து, மருந்து தடவி, இரண்டு தழும்பையும் மறைக்கிற மாதிரி நிதானமாகக் கட்டுப் போடத் தொடங்கினார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. கட்டு முடிகிறவரை கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.