சிவப்பை எடு, பொன்னு

ஆசியா டீச்சர் தன் கணவனுக்குக் கைதட்டிய அன்றுதான் வேலையை விடுவது என்று முடிவானது. அஹமது கபீர், பாவம், நாகூர்க் கடைத்தெருவில் துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஆசியா பளிச்சென்று இரண்டு தட்டு தட்டி, "சபாஷ். இப்ப மெல்லு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"போன வாரம் நான் சட்டை பட்டன் போட்டதுக்கும் தட்டுன. சரின்னு விட்டுட்டேன்," என்றான் கபீர். "இது முத்திப்போச்சு புள்ள. வேலைய விட்டுட்டுக் கடையில வந்து உக்காரு. அங்க வர்றவங்களுக்குச் சிவப்பு எது, பச்சை எதுன்னு அவங்களுக்கே தெரியும்."

ஆசியா கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சிறப்பாசிரியை. பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத, வந்தாலும் உட்கார முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பழக்குவது அவள் வேலை. உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் மேலே இருப்பவர்களுக்கோ, சிறப்பாசிரியை என்றால் எல்லா வேலைக்கும் சிறப்பானவள் என்று ஒரு நினைப்பு. கழிப்பறைக் கணக்கெடுப்பா, கூப்பிடு ஆசியாவை. வாக்காளர் பட்டியலா, ஆசியா. மருத்துவ முகாமுக்கு வேன் பிடிக்க வேண்டுமா, அதற்கும் ஆசியா. "பேருக்குத் தகுந்த மாதிரி ஏரியாவும் பெருசாத்தான் குடுத்திருக்கோம் மேடம்" என்று மேற்பார்வையாளர் வைத்தியலிங்கம் மாதம் தவறாமல் சொல்லி, மாதம் தவறாமல் தானே சிரிப்பார். அவருக்குப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதைவிடப் பிள்ளைகள் சிரிக்கிற போட்டோ முக்கியம். வயலுக்கு நடுவில் டவர் கிடைக்காமல், ஆசியா அய்யனார் கோயில் மதில்மேல் ஏறி நின்று அதை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

முன்பெல்லாம் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டினவள். இப்போது வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் அழலாமா என்று பார்ப்பாள். அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவாள்.

இருந்தும் வேலையை அப்படியே உதறிவிட்டுப் போக மனம் வரவில்லை. காரணம் பொன்னு.

பொன்னுத்தாய் ஆலத்தங்குடி மருதையன் மகள். பதின்மூன்று வயது. பேச்சு வராது, கேட்டதெல்லாம் உள்ளே போகிறதா என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். இரண்டு வருடமாக ஆசியா அவளுக்கு ஒரே ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பிளாஸ்டிக் வாளி. கபீர் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியைக் கட்டிய மூங்கில் குச்சிகள். "சிவப்பை எடு, பொன்னு" என்றால் சிவப்புத் துணி கட்டிய குச்சியை எடுத்துச் சிவப்பு வாளியில் போட வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

பொன்னு சிவப்பை மஞ்சள் வாளியில் போடுவாள். மஞ்சளைப் பச்சையில் போடுவாள். பச்சையை வாய்க்காலில் போட்டுவிட்டு அது மிதந்து போகிற அழகைப் பார்ப்பாள். சில நாள் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எது செய்தாலும் முயற்சிக்கு ஒரு கைதட்டு உண்டு. அதில் மட்டும் பொன்னு கெட்டிக்காரி. டீச்சர் தட்டினால் அவளும் தட்டுவாள்.

"ரெண்டு வருஷத்துல ஒரு கலரு. மத்த கலரெல்லாம் ரிட்டயர்மென்டுக்கு அப்புறமா மேடம்?" என்று கேட்டார் வைத்தியலிங்கம். பொன்னுவின் அம்மா ராசம்மாள் அப்படிக் கேலி பேசுகிறவள் இல்லை. ஆனால் அவளும் ஒருநாள் மோர் கொடுத்துக்கொண்டே, "செவப்பு தெரிஞ்சு இவ என்னத்த டீச்சர் பண்ணப் போறா?" என்று கேட்டுவிட்டாள். ஆசியா பயிற்சியில் படித்த பதிலைச் சொன்னாள். சொல்லும்போது அது அவளுக்கே எடுபடவில்லை. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இந்தப் பெண் சிவப்பைச் சரியாக எடுத்துவிட்டால் போதும், நிம்மதியாகத் துணி கிழிக்கப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று அவள் ஆலத்தங்குடிக்குப் போன அன்று ஊரே ரோட்டில் நின்றது.

விஷயம் இதுதான். அந்த ஊர் வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. பண்ணையாரோடு மல்லுக்கட்டி, ஜெயிலுக்கும் போய், அப்பன் பாட்டன் வாங்கின நிலம். அதில் சம்பா நட்டுப் பச்சை பிடிக்கிற நேரத்தில் சர்வே ஆட்கள் வந்து, வரப்பு நெடுகச் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். மருதையன் நடுவயலில் நின்று, "நாளைக்கு இந்தக் கொடி இருக்கான்னு வந்து பாருங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினான். மறுநாள் வந்து பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை.

காலையில் டீக்கடையில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. கிளைச் செயலாளர் துரைராசு, கறுப்பும் சிவப்புமாகக் கட்சிக்கரை போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா அநியாயத்தப் பாத்தா இந்தக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றார். அவர் பங்குக்கு ஒரு வடை கூடுதலாகவே கிடைத்தது. போலீஸ் ஜீப்பும், பின்னாலேயே கம்பெனியின் சர்வே என்ஜினியர் வண்டியும் வந்து நின்றதும் அதே கையைத் தடவிக்கொண்டு, ஒரு வாரமாகச் சுளுக்கு என்றார்.

எஸ்.ஐ. இராஜாங்கத்துக்கு விசாரிக்க அதிகம் இருக்கவில்லை. கத்தினவன் மருதையன், ஆகவே பிடுங்கினவனும் மருதையன். அவனை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தாகிவிட்டது. ராசம்மாள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆசியா வண்டியை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் பொன்னுவைக் காணோமே என்று வீட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

வாய்க்காலோரம் பொன்னு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று வாளி. பச்சை காலி. மஞ்சள் காலி. சிவப்பு வாளியில், கட்சி மாநாட்டுப் பந்தல் மாதிரி, கொடி கொடியாகக் குத்தி நின்றது. இடம் போதாமல் மிச்சத்தை வாளியைச் சுற்றி ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.

ஆசியா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு குச்சியாக உருவிப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு. வரப்பில் எத்தனை பூ, எத்தனை தழை, எவனோ கட்டி வைத்த மஞ்சள் கயிறு, எதையும் இந்தப் பெண் தொடவில்லை. விடியற்காலையில் தனியாக நடந்து, சிவப்பை மட்டும், ஒன்று விடாமல் எடுத்து வந்திருக்கிறாள். பாலத்தில் வராத அழுகை அங்கே வந்தது. சந்தோஷத்தில் தட்டுவதற்குக் கையைத் தூக்கினவளுக்கு, அப்புறம்தான் ரோட்டில் நிற்கிற ஜீப் ஞாபகம் வந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் பொன்னுவைப் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டுக்கு வந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது.

"கொடி எடுத்தது இவதான் சார். மருதையன் இல்ல," என்றாள் ஆசியா.

எஸ்.ஐ. பொன்னுவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "அப்பனக் காப்பாத்த நல்லா ஜோடிக்கிறீங்கம்மா. இந்தப் புள்ளக்கி என்ன தெரியும்?"

"சிவப்பு தெரியும் சார்."

"காட்டுங்க பாப்போம்."

நாலு பேர் கூடினால் பொன்னு வாளியைக் கவிழ்த்துக்கொள்கிற ஜாதி. இங்கே நிற்பது ஊர். ராசம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள். ஜீப்புக்குள்ளிருந்து மருதையன் எட்டிப் பார்த்தான். ஆசியா சிவப்பு வாளியைக் காலி செய்து நடுவில் வைத்தாள். பையிலிருந்த பாடக் குச்சிகளைக் கலந்து தரையில் பரப்பினாள். "சிவப்பை எடு, பொன்னு" என்றாள்.

பொன்னு குச்சிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்துக்குள் நடந்தாள். சர்வே என்ஜினியர் அக்குளில் இடுக்கியிருந்த சிவப்பு ஃபைலை உருவி வந்து வாளியில் போட்டாள். கான்ஸ்டபிள் சட்டைப் பையில் நீலமும் சிவப்புமாக இரண்டு பேனா. சிவப்பை மட்டும் எடுத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் ரிப்பனை அவிழ்த்தாள். அது அழ ஆரம்பித்தது. பிறகு துரைராசு முன்னால் போய் நின்று, வேட்டிக் கரையை வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள். கறுப்பு வேண்டாம். சிவப்பு வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் மொத்தமாகப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சொல்லுங்க டீச்சர்," என்றார் துரைராசு. சுளுக்கிய கையும் சுளுக்காத கையும் சேர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. "கட்சி வேட்டி டீச்சர்."

"அதுல கறுப்பும் இருக்கு பொன்னு, விட்டுடு," என்றாள் ஆசியா. பொன்னு மனமில்லாமல் விட்டாள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சிரிக்காதவர் என்ஜினியர் ஒருவர்தான். வாளியிலிருந்து ஃபைலை எடுத்துத் தட்டிக்கொண்டே, "சிரிக்கிற விஷயம் இல்ல சார். புள்ளக்கித் தெரியாது, சரி. அதுக்குச் சொல்லிக்குடுத்தவங்க ஒருத்தவங்க இருப்பாங்கள்ல? தூண்டிவிட்டதுன்னு அவங்க மேல எழுதுங்க" என்றார்.

எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டார். "யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

ஆசியாவுக்குக் கபீர் முகம் ஞாபகம் வந்தது. போலீஸ், கோர்ட், வைத்தியலிங்கம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆனால் ஒன்று: இத்தனை வருட வேலையில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கழிப்பறை எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். வேன் ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்."

"கொடி புடுங்கவா?"

"சிவப்பு எடுக்க சார். ரெண்டு வருஷமாச்சு."

பொன்னு ஆசியாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். யாராவது எதையாவது சரியாகச் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பளிச்சென்று இரண்டு தட்டு தட்டினாள். ராசம்மாள் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஊரே தட்டியது. ஆசியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதாள்.

எஸ்.ஐ. மருதையனை இறக்கிவிட்டார். "கலர் சொல்லிக்குடுத்ததுக்குக் கேஸ் போட எனக்குச் சட்டம் தெரியாது சார்" என்று என்ஜினியரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். என்ஜினியர் கொடிகளை அள்ளிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அந்தப் புள்ளக்கி செவப்பு மட்டும்தான தெரியும்? அடுத்த மாசம் வர்றோம். மஞ்சக் கொடி நடுறோம். என்ன பண்றீங்கன்னு பாப்போம்" என்றார்.

ஜீப் போனது. கம்பெனி வண்டியும் போனது. புழுதி அடங்கியபோது ஊர் முழுக்கத் திரும்பி ஆசியாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. துரைராசு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ராசம்மாள் மோரோடு வந்தாள். செவப்பு எதற்கு என்று அவள் இப்போது கேட்கவில்லை. மருதையன் பக்கத்தில் வந்து, ரகசியம் போலக் குனிந்தான்.

"டீச்சர், தப்பா நெனக்காதீங்க. மஞ்சளுக்கு எவ்வளவு நாளு ஆவும்?"

இன்றைக்குத்தான் அவள் போய்வருகிறேன் என்று சொல்வதாக இருந்தது. சொல்ல வந்த வாயை மோர்ச் செம்பு அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதத்துக்குள் மஞ்சள் நடக்கிற காரியமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். குடித்துவிட்டு, அய்யனார் கோயில் மதில்மேல் ஏறி நின்று கபீருக்குப் போன் போட்டாள்.

"மச்சான், கடையில மஞ்சத் துணி வெட்டு கெடக்கா?"

அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை ஓரமாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஆசியா உட்காருவதற்கென்று அன்று காலைதான் அவன் கடையில் ஒரு புது ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தான்.

"எத்தன மீட்டர் வேணும்?" என்றான் கபீர்.