மூன்று ஆளா, மூன்று இடமா

ஆபீசில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை.

எங்கள் பஸ் கம்பெனிக்கு ஒன்பது டிப்போ. ஒவ்வொரு டிப்போவிலும் தேர்வு மதிப்பெண்ணில் முதல் மூன்று இடங்களில் வரும் தற்காலிக ஓட்டுநர்கள் அனைவருக்கும் நிரந்தர வேலை என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் டிப்போவாரியாகப் பிரிக்க மறந்து மொத்தத்தில் மூன்று பேரைக் கேட்டுவிட்டேன். கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைத் தட்டாமல் மூன்றே பேரைக் கொடுத்தது. தலையில் அடித்துக்கொண்டு, டிப்போவுக்கு டிப்போ மதிப்பெண் வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, மூன்றுக்கு மேல் வந்தவர்களை வெட்டச் சொன்னேன். இருபத்தேழு பேர். கச்சிதம்.

அதில் என் அண்ணி இல்லை.

அண்ணி நான்காம் டிப்போவில் பஸ் ஓட்டுகிறார். ஐந்து வருடமாகத் தற்காலிகம். இதைத் தவறவிட்டால் இனி எப்போதோ. அவருக்கு எண்பத்தெட்டு மதிப்பெண். மூன்றாவதாக வந்தவருக்கும் அதே எண்பத்தெட்டு. சமமாக வந்தால் பழைய ஊழியர் முன்னால் என்று யாரும் கேட்காமலே எழுதி வைத்தவள் நான்தான்.

இப்போது அதை மாற்றினால் சொந்தக்காரிக்குச் செய்தாள் என்பார்கள். சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். மூன்று ஆட்கள் என்று எங்கேயும் இல்லை. இடங்கள் என்றுதான் இருந்தது. பஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, ஓர் இடத்தில் இரண்டு பேர் இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சம மதிப்பெண்ணுக்கு ஒரே இடம் என்று மாற்றினேன். முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். அண்ணியோடு, நான் முகம்கூடப் பார்த்திராத நான்கு பேர்.

இரண்டு பட்டியலையும் மேலாளரிடம் கொடுத்து, ஒருவர் என் அண்ணி என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"உங்க அண்ணி பேரு விடுபடலைன்னா இதைக் கவனிச்சிருப்பியா?"

"மாட்டேன் சார். அதுதான் வெட்கமா இருக்கு."

அவர் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். இடம் என்றால் இடம்தான் என்றார்கள். முப்பத்திரண்டில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம், சீருடையைக்கூட மாற்றாமல் நின்ற அண்ணியிடம் மூன்றாவது இடம் என்று சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"அப்ப என்கூட எண்பத்தெட்டு வாங்கினாரே, அவரு? அவரு பேரை எடுத்துட்டாங்களா?"

"அவரும் அதே இடம்தான் அண்ணி."

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.