கரை இறங்காத படகுக்காரர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தகரத்தின் மேல் மழை கொட்டுகிறது. என் குரல் இப்போதெல்லாம் அத்தனை தூரம் எட்டுவதில்லை. உள்ளங்கையளவு கடலில் ஒரு மனுஷி நான்கு மாதம் படகு விட்ட கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான். கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிற கராச்சர்மா என்ற ஊரில், பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலே, ஓர் ஒற்றை அறையில் புஷ்பா குடியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை. அதற்கு முன் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவள். அவளைப் பெற்றவர்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அங்கே குடியேறியவர்கள். பட்டையில் அவள் கத்தி வைத்தால் கோடு ஒரு நூல் பிசகாது. “புஷ்பா கைக்கு மட்டம் பார்க்க வேணாம்” என்று அவள் கணவர் அழகையா எல்லாரிடமும் பெருமையடிப்பார்.

அந்தச் சுனாமி டிசம்பர் காலையில் கச்சாலில் கடல் ஊருக்குள் வந்தபோது ஆறு வயது மகள் உதயா அவள் இடது இடுப்பில் இருந்தாள். வலது கையில் அழகையாவின் கை. தண்ணீர் வடிந்தபோது இடுப்பில் பிள்ளை இருந்தது. வலது கையில் ஒன்றும் இல்லை. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சில இடங்களில் வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. தீவே சாய்ந்து அமிழ்ந்துவிட்டது என்று சொன்னார்கள். தீவு சாய்ந்ததை எல்லாரும் பேசினார்கள். தன் கை நழுவியதைப் புஷ்பா மட்டும் யாரிடமும் பேசவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து உதயா நர்சிங் படிக்க மதுரைக்குப் புறப்பட்டாள். தன் பழைய போனை அம்மாவிடம் கொடுத்து, அதிலிருந்த ஒரு விளையாட்டையும் காட்டினாள்.

“இதுல ஜெயிக்கிறதும் இல்ல, தோக்குறதும் இல்லம்மா. போனைச் சாய்ச்சா படகு போகும். மனசுக்கு நிம்மதியா இருக்கும். நெட்டுகூட வேணாம்.”

“வேணாம்னா சரி. இங்க அது வந்தாத்தானே!” என்றாள் புஷ்பா.

திரையில் அலையில்லாத நீலத் தண்ணீர். ஒரு சின்னப் படகு. அதில் தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தூரத்தில் பலகை போட்ட ஒரு படகுத்துறை, தீவில் அதை ஜெட்டி என்பார்கள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு புஷ்பா உட்காருவாள். போனை லேசாகச் சாய்த்தால் படகு வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் சத்தம் மெல்லக் கேட்கும். அறையில் வேறு சத்தம் ஏது? முதல் வாரம் அது நல்ல துணையாகத்தான் இருந்தது.

ஒருநாள் படகு ஜெட்டியைத் தொட்டது. அவர் இறங்குவார் என்று பார்த்தாள். இறங்கவில்லை. படகு மெதுவாக முட்டி, விலகி, மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

“இறங்குங்களேன்” என்றாள் வாய்விட்டு.

அன்றோடு நிம்மதி போயிற்று. சாய்ப்பதில்தான் தவறு என்று நினைத்தாள். ரப்பர் பட்டையில் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பழகிய கையில் போனும் அப்படியே சரிந்தது, படகும் வலது பக்கமே ஒதுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் திருத்தினாள். இந்த ஒருவரையாவது கரையில் இறக்கிவிட்டால், தன் கையைத் தானே மன்னித்துவிடலாம் என்று அவளுக்குள் ஓர் எண்ணம். படகு நடுத்தண்ணீரில் இருக்கும்போது போனைக் கீழே வைக்கவே மாட்டாள். ஒரு கையால் குழம்பைக் கிளறுவாள், மறு கையில் போன் இருக்கும். ஜெட்டி ஓரம் கொண்டுவந்த பிறகுதான் அணைப்பாள்.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு அரசாங்க வேலை. தீவுக்கு வந்த பிறகு அவள் பேச்சில் இந்தியும் ஒட்டிக்கொண்டது. துணி காயப்போட வந்தவள் இதைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னடி, போன்ல தண்ணி பூந்துருச்சா? கஞ்சி வடிக்கிற மாதிரி சாய்க்கிற!”

“இல்லக்கா, இவரைக் கரையில எறக்கணும்.”

“அந்தப் பொம்மையையா? அரே பாகல், பைத்தியமே! கையைப் பிடிச்சா எறக்கிவிடப் போற? சோடோ, போறான் விடு.”

புஷ்பாவும் சிரித்து வைத்தாள். அன்று டீ ஆறிப்போனது.

உதயா போன் பண்ணுவாள். “சாப்டியா?” “ம்.” “விளையாடுறியா?” “ம்.” அதற்குள் லைன் போய்விடும்.

லீவுக்கு உதயா சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தாள். மூன்று நாள் ஆட்டம் இன்னும் காலில் இருந்தது. வந்தவள் முதலில் பார்த்தது அம்மாவின் வலது மணிக்கட்டை.

“என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?”

“இவரு எறங்க மாட்டேங்கிறாரு உதயா. நாலு மாசமாச்சு. ஜெட்டிக்கு ஒழுங்காத்தான் கொண்டுபோறேன். என் கைதான் எங்கயோ சரியில்ல.”

“ஐயோ அம்மா, இதுல யாருமே எறங்குறது இல்ல. விளையாட்டே அப்படித்தான். யாரு சாய்ச்சாலும் எறங்க மாட்டாரு.”

புஷ்பா நிமிர்ந்தாள். “யாரு சாய்ச்சாலுமா?”

“யாரு சாய்ச்சாலும்.”

“அப்ப என் கை மேல தப்பு இல்லையா?”

அந்தக் குரலைக் கேட்டு உதயா தோளில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் புஷ்பா சொன்னாள். இடது இடுப்பையும் வலது கையையும் பற்றி, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

உதயா முழங்காலுக்கு மேலே துணியை ஒதுக்கிக் காட்டினாள். பிறைபோல நான்கு தழும்புகள், வரிசையாக.

“சின்னதுல இது என்னன்னு கேட்டேன். சொறிஞ்சதுன்னு சொன்ன. இது உன் நகம்மா. ஒரு கை இப்படிப் புடிச்சிருக்கு. இன்னொரு கை மட்டும் லேசாவா புடிச்சிருக்கும்?”

புஷ்பா தன் விரல்களை அந்தத் தழும்புகளின் மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தின. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

படகு நடுத்தண்ணீரில் இருந்தது. முதல் தடவையாக அப்படியே போனை அரிசி டின் மூடிமேல் வைத்தாள். ரப்பர் பால் சிந்தாமல் மரத்தடியில் சிரட்டையை வைக்கிற மாதிரி, ஒரு முனையை விரலால் தட்டி மட்டம் செய்தாள். படகு எந்தப் பக்கமும் ஒதுங்காமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். காலை நீட்டிப் படகிலேயே படுத்துக்கொண்டார்.

“அட, தூங்குறாரு!” என்றாள் உதயா. “இது எனக்கே தெரியாதும்மா!”

“சத்தம் போடாத” என்றாள் புஷ்பா.

லீவு முடிந்தது. உதயாவைக் கப்பல் ஏற்றிவிட்டு, பஸ்ஸில் வந்து, புஷ்பா கதவைத் திறந்தாள். அதே அறை, ஒரே ஒரு டீ டம்ளர். இப்போதும் சாயங்காலங்களில் அந்த விளையாட்டைத் திறக்கிறாள். சாய்ப்பதில்லை. மட்டமாக வைத்துவிட்டு, அவர் படுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்து தன் வேலையைப் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் எல்லாரும் சுகமாகக் கரை இறங்கட்டும், கண்ணுகளா. இறங்க முடியாமல் போனவர்கள் அலையில்லாத தண்ணீரில் தூங்கட்டும். உங்கள் வீட்டுக் கைகள் எந்தப் பழியையும் சுமக்காமல், அடுப்பு அணையாமல், வாசலில் வந்து கூப்பிட ஆள் குறையாமல், நன்றாக இருங்கள்.