பாண்டிச்சேரிக்குக் கூடவே வந்த ஏரி

பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை பழவேற்காடு ஏரி பொன்னேரி பஸ்ஸில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, மத்தியானத்துக்கு மேல் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தது. முழு ஏரியும் அல்ல. ராஜாத்தியின் காலைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு, கணுக்கால் ஆழத்துக்கு, அவ்வளவுதான். படியில் வழியாமல், பக்கத்துச் சீட்டை நனைக்காமல் ஒழுங்காகவே வந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அன்றைக்கு இறால் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

ராஜாத்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் தேட முடியும். வலை போடுகிற ஆண்களுக்கு ஊரில் பாடு உண்டு. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று ஏரியைப் பிரித்துக்கொள்வார்கள். பறி கடிக்கிற பெண்களுக்கு அதெல்லாம் கிடையாது, எல்லா நாளும் அவர்கள் முறைதான். அப்படித்தான் மகள் அனிதாவைப் படிக்கவைத்து மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் நாற்காலியில் உட்காரவைத்தாள். மகள் காலில் ஏரித் தண்ணீர் படக்கூடாது என்பது அவளுடைய ஒரே வைராக்கியம். சின்ன வயதில் நண்டு பார்க்கக் கரைக்கு வந்தவளை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறாள். இந்த வருஷம் ராஜாத்தியின் இடது கால் சுண்டுவிரல் ஊறி ஊறி அழுக ஆரம்பித்தது. இரண்டு நாளாவது ஈரம் படாமல் இருந்தால் மருந்து பிடிக்கும், இல்லாவிட்டால் விரலை எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் இருந்தால் அம்மா தண்ணீரில் இறங்காமல் இருக்கமாட்டாள். அதனால் அனிதா பாண்டிச்சேரியில் ரூம் போட்டாள். அங்கே எங்கேயும் நடந்தே போகலாம், சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டியே விடமாட்டார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

தப்பு ராஜாத்தியுடையதுதான். சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்கும், காலைத் தூக்கி அதன்மேல் வைத்தால் முள்ளால் அடித்துவிடும். அதனால் ஏரிக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்கள். கரையேறியதும் இரண்டு காலையும் தூக்கி உதறிவிடவேண்டும், உதறாவிட்டால் ஏரி கூடவே வந்துவிடும். அந்த ஊரில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பஸ் வருவதற்குள் ஒரு பறி பார்த்துவிடலாம் என்று விடியலில் இறங்கியவள், ஹாரன் கேட்டதும் தேய்த்த காலோடு அப்படியே ஓடினாள். கொழுப்புத்தான், வேறென்ன. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

லாட்ஜ்காரர் கீழ்த்தள ரூமாகப் பார்த்துக் கொடுத்தார். கட்டிலில் படுத்தால் தண்ணீர் மெத்தைமேல் ஏறி நின்றது. மஞ்சள் சுவர்த் தெருக்களில் காகிதப்பூ கொட்டிக் கிடக்க, ராஜாத்தி சளக் சளக்கென்று மகள் பின்னால் நடந்தாள். வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். மருந்து வைக்க வைக்கக் கரைந்தது, விரல் இன்னும் வீங்கியது. ஞாயிறு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நின்றபோது அசதியில் அவளுக்கு இடம் மறந்துபோனது. கைப்பையைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்து துழாவினாள். கை நிறைய வந்தது.

"எறா கீதுடி," என்றாள் வெட்கத்தோடு.

அனிதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நடமாடுகிற சாலையில் அம்மாவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ஏறும்மா," என்றாள். விளையாட்டு என்று நினைத்து ராஜாத்தியும் ஏறிவிட்டாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அனிதாவின் செருப்பைச் சுற்றிக் கூடி நின்றது. ஏரிக்கு வேண்டியது அந்த வீட்டின் ஒரு ஜோடிக் கால், அது யாருடையது என்று அது பார்க்கவில்லை.

"அய்யய்யோ, எறக்கி வுட்றி! உன் காலுடி, உன் காலு!"

"சும்மா இரும்மா. இது என்னோட பாடு."

ராஜாத்தியிடம் அதுவரைக்கும் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு கையாலும் மகள் தோளில் குத்தினாள், பெற்றதற்கு இதுவா என்று அழுதாள். அப்புறம் அசதி ஜெயித்தது. மகளின் கழுத்தில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். தொங்கிய கால்கள் கடற்காற்றில் காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்தது. அனிதா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு நாள் அம்மாவைச் சுமந்துகொண்டே அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தாள்.

விரல் தப்பியது. ஊர் திரும்பிக் கரையில் நின்று இருவரும் எவ்வளவோ உதறிப் பார்த்தார்கள், ஏரி இறங்கவில்லை. இப்போது வார நாளில் அது ராஜாத்தியிடம் இருக்கிறது, சனியும் ஞாயிறும் அனிதாவிடம். அந்த இரண்டு நாளும் அனிதா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சமைக்கிறாள். ராஜாத்தி காய்ந்த காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கிறாள். மகளின் விரலிடுக்கில் தோல் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. திட்டத்தான் வாயெடுப்பாள். அதற்குள் தூக்கம் வந்துவிடும்.