முடியாதம்மா போட்ட டிக்

ஆபீசில் எனக்கு 'முடியாதம்மா' என்று பட்டப்பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. மருத்துவக் காப்பீட்டில் ஒரு பட்டியல் உண்டு. செய்தால் பலன் இருக்கும் என்று நிரூபணமாகாத ஆபரேஷன்கள் அதில் இருக்கும். அவற்றுக்கு வரும் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. பதினோரு வருஷமாக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அழுதவர்களையும் சாபம் விட்டவர்களையும் பார்த்தாயிற்று. ஒருவருக்கும் நான் மசிந்ததில்லை.

என் அண்ணன் லாரி டிரைவர். முதுகுவலி வந்து நாலு மாதமாக வண்டி எடுக்கவில்லை. முதுகெலும்பில் தகடு வைத்து முடுக்கினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பட்டியலில் அது மூன்றாவது. அதற்கு அனுமதி வேண்டுமென்றால் முதலில் ஆறு மாதம் உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் இரண்டு வாரம் போனார். "குனி, நிமிருங்கறாங்க. நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?" என்று நின்றுவிட்டார்.

அண்ணி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் முடியாதுன்னு சொல்லு. கூடப்பொறந்தவருக்குமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

"அண்ணி, அதுல பலன் இல்லை. வேற வம்பும் வரலாம்."

"சட்டை மாட்ட முடியாம அழுவுறாரு. நாப்பத்தெட்டு வயசு ஆம்பளை. வந்து பாரு."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடித் தொலைத்தது. விண்ணப்பத்தில் 'காலில் உணர்வு குறைகிறது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அனுமதி உடனே கிடைத்துவிடும். டாக்டர் அதைக் காலியாக விட்டிருந்தார். நான் போட்டேன், அவருடைய அதே நீல மையில்.

ஆபரேஷனில் நரம்பு அடிபட்டுவிட்டது. அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நான் பொய்யாகப் போட்ட டிக் மெய்யாகிவிட்டது. பாவி, என் கையை வெட்டிப் போட வேண்டும்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி இல்லன்னா ஆபரேஷனே நடந்திருக்காது. அப்புறம் என் நேரம் சரியில்ல, அவ என்ன பண்ணுவா?" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன்.

போன வாரம் அவருடைய கூட்டாளி, இன்னொரு டிரைவர், அதே ஆபரேஷனுக்கு விண்ணப்பத்தோடு என் ஜன்னலில் வந்து நின்றார்.

"அண்ணன் அனுப்பிச்சாரு. எனக்கு அவர் மாதிரி ஆகாதும்மா, எங்க டாக்டர் வேற."

திருப்பிக் கொடுத்துவிட்டு, உடற்பயிற்சிக்குச் சீட்டு எழுதினேன். அவர் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்தார், முணுமுணுத்தபடியே படியிறங்கிப் போனார்.

அரை மணியில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, நம்ம ஆளைத் திருப்பி அனுப்பிட்டியாமே. எனக்குச் செஞ்சியே, அவனுக்குச் செய்யக் கூடாதா?"

"மாட்டேண்ணே."

"ஏன்?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளு நடக்கணும்ணே. அந்த ஆபரேஷனால ஒரு பிரயோஜனமும் இல்ல. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.



"அப்ப என்னை ஏம்மா அனுப்பினே?" என்றார் அண்ணன்.