ஒன்பதாம் மாத மொட்டு

முட்டைக்கோஸ் அறுப்பதைவிட எளிதாக வந்துவிட்டது. காட்டுக்கொடியின் வேரில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கரும்பழுப்பு மொட்டுக்குக் கீழே கத்தியைக் கொடுத்து ஒரு திருப்பு திருப்பினேன், கையோடு வந்தது. இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் முறம் அகலத்துக்கு விரிந்து, செத்த எருமைபோல நாறி, வெந்நீர் ஊற்றுக்குப் போகிற சுற்றுலா வேன்களையெல்லாம் எங்கள் தோட்டத்து வாசலில் நிறுத்தியிருக்கும். காசு கொடுத்து உள்ளே வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பார்கள். எங்கள் மலையூரான ராணாவின் சந்தையில் அம்மாவின் இஞ்சி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அழுகத் தொடங்கிய தக்காளியை, "இன்னைக்கே குழம்பு வச்சா இதான் ருசி" என்று விற்றவன். எனக்கே நாற்றத்தை விற்பது கொஞ்சம் கூச்சம்தான். இருந்தாலும் 'பூ பூத்திருக்கிறது' என்று பலகை எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் என் மனைவி சிந்தாயா ஒன்பது நாளாகப் பேசவில்லை. குழந்தை அழாமல் பிறந்த காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இஞ்சி போட்ட கோழிச்சாறு வைத்த இடத்திலேயே ஆறிப்போனது.

"பெத்த உடம்புக்கு மொட்டுத் தண்ணி குடுக்காம வெறும் சாறு குடுத்தா வயிறு எப்படிடா சுருங்கும்?" என்றாள் குமினா அத்தை. சிந்தாயாவின் அம்மாவோடு பிறந்தவள். பிரசவம் பார்த்தவளும் அவள்தான். "விரியப் போற மொட்டுலதான் வீரியம்."

"மூணு நாள் பொறுங்க அத்தை. பூத்துடட்டும்."

"பூத்தா ஈதான் குடிக்கும்."

"ஓடைக்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு. அத அறுக்கட்டா?"

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா கய்பின், பொண்டாட்டிக்கும் மலிவுச் சரக்கா?"

கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மொட்டோடு திரும்பியபோது அத்தை விறகு பொறுக்கப் போயிருந்தாள். அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு மொட்டைப் பலகையில் வைத்து நடுவே பிளந்தேன். பின்னால் பாய் சரசரத்தது. சிந்தாயா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த மொட்டு?"

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் குரல். சந்தோஷப்படுவதற்குள் கேள்வி உறைத்தது.

"ஓடைக்கிட்ட இருந்தது."

"பொய்."

அவள் நாள் தள்ளிப்போனதைச் சொன்ன வாரம்தான் அந்த மொட்டு கொடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தலைகாட்டியது. ஞாயிறுதோறும் கோயில் விட்டதும் நேராக அங்கே போவாள். ஒரு கையை மொட்டின்மேலும் மறுகையை வயிற்றின்மேலும் வைத்து, "எது முந்துதுன்னு பாப்போம்" என்பாள். நான் மொட்டின் பக்கம் பந்தயம் கட்டியிருந்தேன். மருந்து, வீரியம் என்று அத்தை சொன்னதும் இதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. பெரிய மொட்டு எது என்று மட்டும்தான் பார்த்தேன்.

மெல்ல வந்து என் எதிரே உட்கார்ந்தாள். பிளந்த பாதியைத் தன் பக்கம் இழுத்தாள். சிவந்த இதழ்கள் ஈரத்துணிபோல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. அவற்றின் வெள்ளைப் புள்ளிகள்கூட வந்துவிட்டிருந்தன. நடுத்தட்டில் முட்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"எல்லாம் இருக்கு," என்றாள்.

"ம்."

"நம்ம பிள்ளைக்கு?"

பையன் என்று அத்தை சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் தெரியும். "பெத்தவ பாத்தா அதோட ஆவி வீட்ட விட்டுப் போகாது" என்று அவளிடம் காட்டாமலே துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். என்னையும் பிரிக்காதே என்றாள். பிரித்துப் பார்க்காமல் ஒரு சரக்கையும் கையில் வாங்கியவனில்லை நான். அன்று மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே மேட்டுக்குச் சுமந்துபோய் மண் போட்டுவிட்டு வந்தேன்.

"விரல் பத்தும் இருந்துது," என்றேன். "நகம்கூட வந்திருந்துது."

"காது?"

"உன் காதேதான். மடல் ஒட்டின காது."

"முடி?"

"முடியா? ஒரு தலை முடி! அப்படியே நெத்தியில ஒட்டிக்கிட்டு, என்னா பளபளப்பு..."

குரல் ஏறிவிட்டது. சந்தைக் குரல். எனக்கே கேட்டது. எட்டு வருஷம் சந்தைக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவளுக்குக் கேட்காமலா? தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நிறுத்தாத," என்றாள். "பாதம் எவ்வளவு இருந்துது?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன்.

அவள் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவ்வளவு பெரிசா இருக்காது," என்று என் விரலைப் பிடித்து ஒரு நெல் அகலம் உள்ளே தள்ளினாள். கையை எடுக்கவில்லை.

"இவ்வளவுதான்," என்றேன்.

வாசலில் அத்தை விறகைப் போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் விரல்களை அசைக்கவில்லை.