பூட்டிய வீடுகளின் சுவர்கள்

இது நடந்தது ஆனிக் கடைசியிலா, ஆடி பிறந்த பிறகா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பூபதியைக் கேட்டால் சாரல் விடாமல் அடித்தது என்பான். பழனியம்மாளைக் கேட்டால் நல்ல வெயிலில்தான் சுவரெல்லாம் காய்ந்தது என்பாள். இருவர் சொன்னதையும் வைத்துச் சொல்லும்போது, நடுவில் நானாக நிரப்பிக்கொண்டதும் இருக்கலாம்.

மலைமேல் குண்டூர் நாட்டில் ரோட்டோரமாக ஒரு சின்ன ஊர். அருவிக்கு இறங்கும் பாதை அந்த வழியாக இருந்தவரை கார்கள் வந்து நின்றன. மண் சரிந்து பாதை மூடியதும், மலைக்கு வருகிறவர்கள் வாசலூர்பட்டி ஏரியில் படகு ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் இறங்கினார்கள். பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள்.

பூபதி சிறு வயதிலேயே இறங்கியவன். நாமக்கல் லாரிப் பட்டறையில் தலை நரைக்கும்வரை லாரிகளின் முதுகில் புலியும் தாமரையும் வரைந்தான். பெயிண்ட் புகை நெஞ்சில் தங்கி இருமலானதும் ஊருக்குத் திரும்பினான். அவன் மனைவி பழனியம்மாள் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டாள். கடையில் ஆள் இல்லை. பூபதி நாள் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏனுங்க, ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அப்பறம் கடையச் சாத்திட்டுக் கீழ போயிரலாமுங்க. எனக்குக் கோழிப்பண்ணையில வேலை இருக்குதாம். நீங்க பட்டறைக்கே போயிருங்க" என்றாள்.

பட்டறை என்ற சொல்லைக் கேட்டதுமே அவனுக்கு இருமல் வந்தது.

அதற்குப் பிறகுதான் சுவர்களில் வரைய ஆரம்பித்தான். எங்கோ ஒரு ஊரில் சுவரெல்லாம் படம் வரைந்ததால் கூட்டம் வருகிறது என்று அவள் போனில் காட்டியிருந்தாள். பூட்டிய வீட்டுச் சுவர்கள் ரோட்டைப் பார்த்துக் காலியாக இருந்தன. அருவியை வரைந்து என்ன ஆகும், அந்த வீட்டு ஆட்களையே வரைவோம் என்று தோன்றியது. படத்தில், திருப்பூர் போன அண்ணாமலை தன் வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்தார். பெருமாயி அத்தை கிழங்குக் கூடையோடு படியேறினாள். லாரிக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட்தான், மழைக்கும் போகாது.

ஆட்கள் வரவும் செய்தார்கள். ஒரு ஞாயிறு பைக்கில் வந்த பையன்கள் அண்ணாமலை பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு ஒரு வேன் நின்றது. பழனியம்மாள் இரண்டாவது உலை வைத்தாள். ஆடிப் பதினெட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

அப்போது வேலப்பன் வந்தான். அண்ணாமலையின் தம்பி, ஊரை விட்டுப் போகாமல் மரவள்ளி போடுகிறவன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாப்ளே, எங்கண்ணனுக்குக் காரியம் என்னிக்கு வெச்சிருக்கே? சொன்னீன்னா மொட்டையடிச்சுக்குவேன்."

அப்போதுதான் பூபதிக்கு நினைவு வந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செத்த மூன்றாம் நாள் வீட்டு வெளிச்சுவரில் செம்மண்ணால் அவர் உருவத்தை எழுதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். அதோடு அவர் கணக்கு முடிந்தது. உயிரோடு இருப்பவர்களைச் சுவரில் எழுத மாட்டார்கள். பூபதி தன் அப்பா சாவுக்கே நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தான். அப்போது உருவத்தை அழித்துச் சுவர் மெழுகியிருந்தது.

"நான் மண்ணுல எழுதலியே, பெயிண்ட்டுலதானே?" என்றான்.

"அப்ப பெயிண்ட்டுல செத்தாங்கன்னு வெச்சுக்கலாம்" என்றான் வேலப்பன். சிரிக்கவில்லை.

படம் போனில் திருப்பூருக்குப் போய்விட்டது. அங்கிருந்து பெருமாயி அழுதுகொண்டே போனில் கூப்பிட்டாள்.

"கண்ணு, எம்பேரச் சொல்லிக் கூப்புட்டியா?"

"இல்லீங்கத்தை. ஒருக்காக்கூடக் கூப்புடல."

"சோறு வெச்சியா?"

"இல்லீங்க."

"வேற யாரும் தொடாதீங்க. நானே வந்து அழிச்சுக்கறேன்."

எழுதப்பட்டவரே தன் உருவத்தை அழித்தால் தோஷமில்லை என்று பெரியவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆடி நடுவில் ஒரு ஞாயிறு சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் ஜீப் பிடித்து வந்தார்கள். பல வருஷமாகப் பூட்டியிருந்த கதவுகள் எல்லாம் அன்று திறந்தன. உள்ளே துடைப்பச் சத்தம், குழந்தைகள் சத்தம். பழனியம்மாள் மூன்று உலை வைத்தும் போதவில்லை. இதைத்தானே கேட்டோம் என்று பூபதி நினைத்தான்.

மேலே அடித்த சுண்ணாம்பு எனாமலில் பிடிக்கவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து முகங்கள் தெரிந்தன. மண்வெட்டியாலும் கொடுவாளாலும் சுரண்ட வேண்டியதாயிற்று. பெயிண்டோடு பூச்சும் உதிர்ந்து விழுந்தது.

அண்ணாமலை மட்டும் சுரண்டாமல் படத்தின் எதிரே நின்றார். பூபதி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. எம்பட ஊட்டு வாசல்ல நான் உக்காந்திருக்கறதப் பாக்க எனக்கே ஆசையா இருக்குது."

"அப்ப இங்கயே இருந்துருங்க மாமா. சுவத்துல எதுக்கு, நீங்களே உக்காருங்க."

"உக்காந்து?" என்றார் அண்ணாமலை.

அவர் கொடுவாளை எடுத்தார். எட்டாத உயரத்துக்கு ஏணி வேண்டியிருந்தது. பூபதி ஏணியைப் பிடித்துக்கொண்டான். மிளகும் கையும் முகமும் அவன் தலையில் தூளாக விழுந்தன.

சாயங்காலம் கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஜீப் ஏறினார்கள். பெருமாயி மட்டும் இறங்கி வந்து, "மனசுல வெச்சுக்காத சாமி" என்று அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு கார் வந்தது. படம் எங்கே என்று கேட்டார்கள். வேலப்பன், "புலி போடு மாப்ளே, யானை போடு. அதுக்கு யார் அழப்போறா?" என்றான். பூபதி பிரஷ்ஷை எடுத்துச் சுவர் முன்னால் நின்றான். பூச்சு போன மண்சுவர். புலியை அவன் கண்ணை மூடிக்கொண்டே வரைவான். அன்று ஒரு கோடுகூடப் போடவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் பழனியம்மாளிடம், "போலாம் புள்ள" என்றான்.

ஆடி முடிந்ததும் அவர்கள் இறங்கினார்கள். பழனியம்மாள் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறாள். பூபதி பட்டறையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறான். பெருமாயி திருப்பூரில் மகளோடு இருக்கிறாள். அண்ணாமலை போன தை மாதம் அங்கேயே இறந்தார். மின்மயானத்தில் எரித்தார்கள், மூன்றாம் நாள் மலைக்கு யாரும் வரவில்லை. வேலப்பன் இன்னும் மரவள்ளி போடுகிறான். ஊரில் இப்போது நாலு வீட்டில் அடுப்பு எரிகிறது.